பிறேக்கு ஓசையிடுவதேன்? வீட்டிலேயே காரணம் அறியும் முறை

விளைபொருளைச் சந்தைக்குக் கொண்டுசெல்லும் சிறு லொறியும், நெல்மூட்டை ஏற்றும் உழவு யந்திரப் பெட்டியும் கமக்காரருக்கு மண்வெட்டியைப் போல் இன்றியமையாதனவாகிவிட்டன. மண்வெட்டி தேய்ந்தால் கண்ணுக்குத் தெரியும். பிறேக்கோ சில்லின் உள்ளே மறைந்திருப்பது. அது தேய்ந்தால் பெரும்பாலும் காதுக்கே முதலில் தெரியவரும். அவ்வோசையைப் பொருட்படுத்தாது மாதக்கணக்கில் வாகனத்தை ஓட்டுவோர் சிலர். ஓசை கேட்டவுடன் காரணம் ஆராயாது புதிய பட்டைகளை வாங்கிப் பூட்டுவோர் வேறு சிலர். இரண்டாமவருக்குப் பணமும் செலவாகிறது. சில வாரங்களில் அதே ஓசை மீண்டும் கேட்கிறது. நெற்பயிரின் இலை மஞ்சளாவதைக் கண்டவுடன், தேங்கிய நீரோ கந்தகக் குறைவோ காரணமாகுமா எனப் பாராது யூரியாவை வீசுவது போன்றதே இதுவும். தேய்ந்த பட்டை பல வேளைகளில் நோயன்று, நோயின் குறியே.

பிறேக்கின் தொழில் யாதெனில், ஓடும் வாகனத்தின் சக்தியை உராய்வினால் வெப்பமாக மாற்றிக் காற்றில் விடுவதாகும். அவ்வெப்பம் எத்துணையென்பதை ஒரு கணக்கினால் உணரலாம். பாரத்துடன் 3,000 கிலோகிராம் நிறையுள்ள மரக்கறி லொறியொன்று 1,000 மீற்றர் உயரம் கீழிறங்கினால், அதனால் வெளிப்படும் சக்தி ஏறக்குறைய 100 லீற்றர் தண்ணீரைக் கொதிக்கச் செய்யப் போதுமானது. நுவரெலியாவிலிருந்து றம்பொடை வழியாகக் கம்பளைக்கு வரும் வாகனம் இதனினும் அதிக உயரம் இறங்குகின்றது. தாழ்ந்த கியரில் இறங்கினால் இச்சக்தியின் பெரும்பகுதியை எஞ்சினே தாங்கிக்கொள்ளும். எஞ்சியதைத் தாங்கவேண்டியவை, உள்ளங்கையிலும் சிறிய சில பட்டைகள். ஆதலால் வீட்டு வாசலில் சிறு தொல்லையாகக் கேட்கும் ஓசை, இறக்கத்தில் உயிரோடு சம்பந்தப்பட்டதாகிவிடுகிறது. சமநிலமான கிளிநொச்சி, அம்பாறைப் பகுதிகளிலும் இரவில் நெல் ஏற்றிச் செல்லும் வாகனத்தின் முன் மாடு குறுக்கிட்டால் நிலைமை வேறன்று.

எப்போது ஒலிக்கிறது?

ஓசை எத்தகையது என்பதிலும் எப்போது எழுகிறது என்பதே முதலில் அறியவேண்டியது. ஒருவர் "கிரீச்" என்பதை மற்றொருவர் "கீச்" என்பார். மூன்றாமவர் விசில் என்பார். நேரத்தைப் பற்றி அத்தகைய கருத்து வேற்றுமை எழுவதில்லை.

இச்சோதனைக்குப் பாரமில்லாத வாகனமும், ஆள்நடமாட்டமற்ற சமதரையும், ஓட்டுபவரைத் தவிர இன்னொருவரும் தேவை. வாகனம் நடைவேகத்திற் செல்ல, மற்றவர் சில அடி தள்ளிப் பக்கத்தே நடந்து காதுகொடுக்க வேண்டும். முதலில் ஒருபுறமும் பின்னர் மறுபுறமும் நடந்தால், ஓசை எந்தச் சில்லிலிருந்து வருகிறது என்பது பெரும்பாலும் விளங்கிவிடும். வாகனத்தின் உள்ளே இருப்பவரின் காதை இவ்விடயத்தில் நம்புதல் ஆகாது. இரும்புச் சட்டத்தின் வழியே ஓசை பரவுவதால் பின் சில்லின் ஓசை முன்னிருந்து வருவதுபோலத் தோன்றும். துணைக்கு ஆளில்லாதவிடத்து, நீண்ட மதிலொன்றின் அருகே யன்னலைத் திறந்து மெதுவாகச் செலுத்தலாம்; மதிலிற் பட்டுத் திரும்பும் ஓசை தெளிவாகக் கேட்கும்.

காலையில் முதல் மூன்று நான்கு தடவை பிறேக்கு அழுத்தும்போது மாத்திரம் உரசல் கேட்டு, பின்னர் மறைந்துவிடுமாயின் கவலை வேண்டாம். இரவுப் பனியாலும் மழையாலும் டிஸ்க் எனப்படும் இரும்புத் தட்டில் மெல்லிய துரு படிந்து, பின் உராய்ந்து நீங்குவதே அதற்குக் காரணம். மாரிகாலத்தில் இது இயல்பு. பொட்டாசியம் குளோரைட்டு உரம் ஏற்றிய வாகனங்களில், சிந்திய உரத்தைக் கழுவாது விட்டால் இத்துரு விரைவாகவும் தடிப்பாகவும் பிடிக்கும்.

அழுத்தும்போது எழுந்து, காலை எடுத்தவுடன் நின்றுவிடும் ஓசை பட்டைக்கும் தட்டுக்கும், அல்லது பட்டைக்கும் டிறம்முக்கும் இடையே பிறப்பதாகும். இதற்கு மாறாக, அழுத்தாதபோது ஓயாது கேட்டு அழுத்தியதும் நின்றுவிடுமாயின், பட்டையொன்று விடுபடாது தட்டைத் தொட்டுக்கொண்டிருக்கலாம். அல்லது தேய்வு காட்டும் சிறு உருக்குத் தகடு உரசத் தொடங்கியிருக்கலாம். பல வாகனங்களின் முன் பட்டைகளில் இத்தகடு பொருத்தப்பட்டிருக்கும். பட்டை ஏறத்தாழ 2 அல்லது 3 மில்லிமீற்றராகத் தேய்ந்ததும் அது தட்டைத் தொட்டுக் கீச்சிடும். சாரதியை எச்சரிக்கவே அது அங்கே வைக்கப்பட்டுள்ளது. ஓசை பொறுக்காது அதனை வளைத்துவிடுவது, மாடு கத்துகிறதென்று அதன் வாயைக் கட்டுவதற்குச் சமம்.

பிறேக்கை அழுத்தினாலும் விட்டாலும் மாறாது, வேகத்தோடு கூடிக் குறைந்து, வளைவில் திரும்பும்போது வேறுபடும் இரைச்சல் பெரும்பாலும் பிறேக்கினுடையதன்று. அது சில்லின் பெயரிங் தேய்ந்தமையால் எழுவது. சில்லை நிலத்திலிருந்து உயர்த்தி, மேற்புறத்தையும் கீழ்ப்புறத்தையும் இரு கைகளாற் பிடித்து அசைத்தால் ஆட்டம் தெரியும். சுழற்றினால் கரகரப்பை உணரலாம். இனி, தகரத்தில் எதையோ தேய்ப்பது போன்ற கூரிய ஓசை வயற்பாதையில் சென்று வந்தபின் திடீரெனத் தொடங்கினால், தட்டுக்கும் அதன் பின்னுள்ள காப்புத் தகரத்துக்கும் இடையே சிறுகல் அகப்பட்டிருக்கலாம். வாகனத்தைச் சிறிது முன்னும் பின்னுமாகச் செலுத்தினால் அது விழுந்துவிடுவதுண்டு. கல்லொன்றின் பொருட்டுப் புதுப் பட்டை பூட்டியவர்களும் உளர்.

பின் பிறேக்கை வேறாகச் சோதிக்க எளிய வழியொன்றுண்டு. கைப்பிறேக்கு பின் சில்லுகளில் இயங்கும் வாகனமாயின், வெறுந்தரையில் நடைவேகத்திற் செல்லும்போது கைப்பிறேக்கை மெல்ல உயர்த்த வேண்டும். ஓசை எழுந்தால் அது பின்பக்கத்தது. பெரிய லொறிகள் சிலவற்றில் கைப்பிறேக்கு நடுத்தண்டைப் பிடிப்பதாக அமைந்திருக்கும். அவற்றில் இச்சோதனையைச் செய்தலாகாது.

இன்னொரு சோதனை வெப்பத்தைப் பற்றியது. பிறேக்கை அதிகம் பயன்படுத்தாது ஐந்தாறு கிலோமீற்றர் ஓடியபின் நிறுத்தி, ஒவ்வொரு சில்லின் நடுப்பகுதிக்கும் அருகே புறங்கையைக் கொண்டுசென்று பார்க்க வேண்டும். தொடுதல் கூடாது. ஒரு சில்லு மாத்திரம் மற்றவற்றிலும் மிகச் சூடாயிருந்தால் அதன் பிறேக்கு விடுபடாது பிடித்துக்கொண்டிருக்கிறது. ஐயமிருப்பின் சில துளி தண்ணீர் தெளித்தால் அது சீறி ஆவியாகும். இவ்வளவும் ஓர் ஆயுதமுமின்றிச் செய்யத்தக்கவை.

சில்லைக் கழற்றுமுன்

சில்லைக் கழற்றுமுன் வாகனத்தை உறுதியான சமதரையில் நிறுத்தி, தூக்காத சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை வைத்தல் வேண்டும். நட்டுகளைச் சில்லு நிலத்திலிருக்கும்போதே சற்றுத் தளர்த்திக்கொள்க. ஜாக்கியினால் உயர்த்தியபின், அதனை மாத்திரம் நம்பாது சட்டத்தின்கீழ் உறுதியான தாங்கியையோ தடித்த மரக்குற்றிகளையோ வைக்க வேண்டும். சீமெந்துக் கல்லும் செங்கல்லும் முன்னறிவிப்பின்றி நொறுங்குபவை. அவற்றின்மேல் வாகனத்தை நிறுத்தி அதன்கீழ் கைவைப்பவர் தம் கையைப் பணயம் வைக்கிறார்.

பிறேக்குத் தூசைப் பற்றியும் இங்கே கூறவேண்டும். பழைய வாகனங்களின் பட்டைகளிலும், மலிவான சில பட்டைகளிலும் கல்நார் கலந்திருக்கலாம். அதன் நுண்தூசு சுவாசப்பையிற் படிந்து, பல ஆண்டுகள் கழித்துக் கொடிய நோய்களையும் புற்றுநோயையும் விளைவிக்கும். ஆதலால் வாயினாலோ காற்றடிக்கும் கருவியினாலோ தூசை ஊதுதல் ஒருபோதும் கூடாது. ஈரத்துணியால் துடைத்து, அத்துணியை ஒரு பையிலிட்டுக் கட்டி அப்புறப்படுத்துக. பிள்ளைகளை அவ்விடத்தில் நிற்கவிடலாகாது.

முன் சில்லு

சிறு லொறிகளிற் பலவற்றில் முன்புறம் தட்டுப் பிறேக்கும் பின்புறம் டிறம் பிறேக்கும் அமைந்துள்ளன. முன் சில்லைக் கழற்றியதும் தட்டும், அதனைக் கவ்விநிற்கும் கலிப்பரும் தெரியும். கலிப்பரின் உள்ளே தட்டின் இருபுறமும் பாட் எனப்படும் பட்டைகள் இரண்டு இருக்கும். புதிய பட்டையில் உராயும் பகுதி 10 மில்லிமீற்றர் அளவு தடிப்புடையது. அது 3 மில்லிமீற்றராகக் குறைந்தால் மாற்றவேண்டிய காலம் வந்துவிட்டது. வெளிப்பட்டை எளிதில் தெரியும். உட்பட்டையையோ தலையைச் சாய்த்து வெளிச்சம் பிடித்துப் பார்த்தாலன்றி அறியமுடியாது. வெளிப்பட்டை தடிப்பாயிருப்பதைக் கண்டு திருப்தியடைந்து சில்லைப் பூட்டியவரின் வாகனத்தில், உட்பட்டை இரும்புவரை தேய்ந்திருப்பதுண்டு.

இவ்விரு பட்டைகளும் ஏறக்குறைய ஒரே அளவாகத் தேயவேண்டும். ஒன்று மிகத் தேய்ந்து மற்றது தேயாதிருப்பின், நீங்காத ஓசையின் மூலகாரணம் அங்கேயே உள்ளது. பெரும்பாலான கலிப்பர்கள் இரு வழுக்குத் தண்டுகளின்மேல் பக்கவாட்டில் நகரும்படி அமைந்தவை. அத்தண்டுகளை மூடிய றபர் உறை கிழிந்தால் சேறும் தண்ணீரும் புகுந்து துருப்பிடிக்கும். பின்னர் கலிப்பர் நகரமாட்டாது. பிறேக்கை அழுத்தும்போது ஒரு பட்டையே முழுப்பாரத்தையும் தாங்கும். காலை எடுத்தபின்னும் அது தட்டைவிட்டு விலகாது. இந்நிலையில் புதுப் பட்டை பூட்டினால் அதுவும் அவ்வாறே தேய்ந்து சில வாரங்களில் ஓசையிடும். கடைக்காரர் தரங்குறைந்த பட்டை தந்தாரென்று அவரைக் குறைகூறுவதில் பயனில்லை. தண்டுகளைக் கழற்றித் துருநீக்கி, றபரைக் கெடுக்காததும் வெப்பத்தைத் தாங்குவதுமான கிறீஸைச் சிறிதளவு பூசி, கிழிந்த உறையை மாற்றுவதே பரிகாரம். செலவு சிறிது, அரைநாள் வேலை. தண்டுகள் இலகுவாக நகர்ந்தும் பட்டைகள் ஒவ்வாது தேய்ந்திருப்பின், கலிப்பரின் முசலம் இறுகியிருக்கலாம், அல்லது பழைய றபர்க் குழாய் உள்ளே வீங்கி ஒயிலைத் திரும்பவிடாது தடுக்கலாம். அவை பயிற்சியுள்ளவரின் கைக்குரியன.

தேய்வு சரியாயிருந்தும் கூரிய கீச்சொலி கேட்குமாயின், பட்டையின் பின்னுள்ள மெல்லிய தகடுகளும், அதனை ஆடாது பிடிக்கும் சிறு வில்தகடுகளும் உளவா என நோக்குக. பட்டை மாற்றும்போது திருத்துவோர் சிலர் இவற்றை வேண்டாதவையென வீசிவிடுவர். அதிர்வைத் தணிப்பதே அவற்றின் வேலையாதலால், அவை இல்லாத பட்டை அதிர்ந்து விசிலடிக்கும். பின்னோக்கிச் சென்று மீண்டும் முன்னோக்கிப் புறப்பட்டு முதன்முறை பிறேக்கை அழுத்தும்போது "டக்" என ஒருமுறை கேட்பதும் பட்டை தளர்ந்திருப்பதன் குறி.

தட்டின் முகம் கண்ணாடிபோல் மினுங்கினால் பட்டை மிகச் சூடேறி இறுகியிருக்கிறது என்று கொள்ளலாம். விரல்நகத்தைத் தட்டின் குறுக்கே இழுக்கும்போது ஆழமான வரிகளில் நகம் தடக்கினால், தட்டைக் கடைந்தெடுக்கவோ மாற்றவோ வேண்டும். தட்டு எவ்வளவு மெலியலாம் என்பது பெரும்பாலும் அதன் ஓரத்திலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அவ்வளவுக்குக் கீழ்ப்பட்ட தட்டைக் கடையவிடுதல் கூடாது.

பின் டிறம்மும் வயற்சேறும்

கமக்காரரின் வாகனத்தில் அதிகத் தொல்லை தருவது பின் டிறம்மே. வாய்க்காலைக் கடக்கும்போதும், சேற்றில் இறங்கும்போதும் நுழையும் மணலும் களியும் வெளியேற வழியின்றி உள்ளே தங்கி, அரைகல்லைப்போல் தேய்க்கின்றன. ஒவ்வொரு போக முடிவிலும் டிறம்மைத் திறந்து சுத்தஞ்செய்தாலே பாதி ஓசைகள் எழமாட்டா.

டிறம் கழறாதிருப்பின் சுத்தியலால் ஓங்கி அடித்தல் தவறு, வார்ப்பிரும்பு வெடித்துவிடும். கைப்பிறேக்கு விடப்பட்டுள்ளதா என முதலிற் பார்த்து, சீராக்கும் பற்சக்கரத்தைப் பின்னோக்கித் திருப்பித் தளர்த்த வேண்டும். பல டிறம்களின் முகத்தில் புரியிட்ட இரு துளைகள் காணப்படும். அவற்றில் பொருத்தமான போல்டுகளைச் செலுத்தி மாறிமாறி இறுக்கினால் டிறம் தானாகவே வெளியே தள்ளப்படும்.

உள்ளே பிறைபோல் வளைந்த இரு சூக்களும் அவற்றின்மேல் லைனரும் இருக்கும். லைனர் ஆணியடித்து இணைக்கப்பட்டதாயின் ஆணித்தலைகள் மேற்பரப்பை அணுகுமுன் மாற்றவேண்டும். ஆணித்தலை டிறம்மைத் தொட்டுவிட்டால் அது கீறும் ஓசை தெருவுக்கே கேட்கும்; அதற்குள் டிறம்மும் பழுதாகிவிடும். லைனர் நல்ல தடிப்புடனிருந்து பளபளப்பாக இறுகியிருப்பின், உப்புத்தாளால் மேலீடாகத் தேய்த்து ஓசையைக் குறைக்கலாம். தூசு பறவாதபடி லைனரை நனைத்துக்கொண்டே தேய்த்தல் நன்று.

டிறம்மில் நீங்காது தொடரும் கிறீச்சொலிக்கு யாரும் நோக்காத காரணமொன்றுண்டு. சூக்கள் பின்தகட்டின்மேல் சில மேடான இடங்களிற் படிந்து நகர்கின்றன. அவ்விடங்களில் கிறீஸ் உலர்ந்து துருவேறினாலோ, ஆண்டுக்கணக்கில் தேய்ந்து பள்ளம் விழுந்தாலோ, ஒவ்வோர் அழுத்தலின்போதும் சூ அங்கே சிக்கி இழுபட்டு ஓசையிடும். லைனர் எத்தனைமுறை மாற்றப்பட்டாலும் அவ்வோசை நீங்காது. மேடுகளைத் துருநீக்கி, வெப்பந்தாங்கும் கிறீஸை நெல்மணி அளவு இடுவதே போதுமானது. அதிகம் இட்டால் அது உருகி லைனரிற் படியும். எண்ணெய் ஊறிய லைனரைக் கழுவியோ நெருப்பிற் காட்டியோ பயன்படுத்தலாகாது, மாற்றியேயாக வேண்டும். இரு பக்கச் சில்லுகளுக்கும் ஒருங்கே மாற்றாவிடின் வாகனம் ஒருபக்கம் இழுக்கும்.

ஒயில் எங்கிருந்து வந்தது என்பதையும் காணவேண்டும். சூக்களைத் தள்ளும் சிறு சிலிண்டரின் றபர் மூடியை மெல்ல உயர்த்தும்போது உள்ளே ஈரமிருப்பின் பிறேக் ஒயில் கசிகிறது. தடித்த, கெடுநாற்றமுள்ள எண்ணெயாயின் அச்சின் சீல் பழுது.

உழவு யந்திரமும் பெட்டியும்

நான்கு சில்லு உழவு யந்திரங்களில் பழைய மாசி பெர்குசன் 35, 135 போன்றவை பின்னச்சின் இருபுறமும் உலர்ந்த டிறம் பிறேக்கு உடையவை. அச்சின் சீல் தேய்ந்து எண்ணெய் டிறம்மினுள் வருவதே இவற்றில் அடிக்கடி காணும் குறை. எண்ணெய் பட்ட பிறேக்கு ஒரு வேளை கீச்சிட்டுப் பிடிக்கும், மறுவேளை பிடியாது. வயலில் திரும்புவதற்காக இடம் வலமாக வேறுவேறு மிதிகள் உள்ள யந்திரங்களில், தெருவுக்கு வருமுன் அவற்றைப் பூட்டி இணைத்தல் கட்டாயம். வயலில் ஒருபக்கமே அதிகம் திரும்புபவரின் யந்திரத்தில் ஒரு பிறேக்கு மிகத் தேய்ந்திருக்கும். இணைத்தபின் இரண்டும் ஒரே அளவிற் பிடிக்கின்றனவா எனத் தெருவேறுமுன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். பிற்காலத்து யந்திரங்கள் பலவற்றில் பிறேக்குத் தட்டுகள் எண்ணெயினுள் மூழ்கியுள்ளன. அவை முனகினால் வீட்டில் திறத்தலாகாது. எண்ணெயின் மட்டத்தையும், கைந்நூலிற் கூறிய வகை எண்ணெய்தானா விடப்பட்டது என்பதையும் பார்க்கலாம். தகாத எண்ணெய் விட்டாலே அவை அதிர்ந்து ஓசையிடும்.

இரு சில்லு யந்திரத்தின் பெட்டியில் பிறேக்கு பெரும்பாலும் மிதியும் கம்பியும் கொண்டு இயங்குவது. கம்பி வளைந்தோ, இழுவில் தளர்ந்தோ இருந்தால் சூக்கள் முழுதும் விடுபடமாட்டா, ஓயாது உரசும். அமைப்பு எளிதாகையால் இதனைச் சீராக்குவதும் எளிது. ஆயினும் இதனைப்போல் அசட்டை செய்யப்படும் பிறேக்கு வேறொன்றில்லை. பெட்டி பிடியாவிடின் இறக்கத்தில் நெல்லின் பாரம் முழுவதும் முன்னுள்ள இலேசான யந்திரத்தைத் தள்ளி மடக்கிவிடும். வாய்க்காலைக் கடந்தபின் மிதியை மெல்ல அழுத்தியவாறு சிறிது தூரம் சென்றால் நனைந்த லைனர் உலரும்.

எவ்வகை வாகனமாயினும், ஓசையை அடக்கும் பொருட்டு எஞ்சின் ஒயிலையோ டீசலையோ பிறேக்கில் விடுவது கொலைக்கொப்பான செயல். ஓசை அடங்கும், பிடிப்பும் உடன் அடங்கும்.

இரும்போடு இரும்பு அரையும் ஓசை கேட்டாலும், மிதி முன்னிலும் கீழே சென்றாலும், மிருதுவாகத் தோன்றினாலும், பிறேக் ஒயில் மட்டம் குறைந்துகொண்டே வந்தாலும் வாகனத்தை அவ்விடத்திலேயே நிறுத்தித் தேர்ந்த திருத்துநரை அழைக்க வேண்டும். சந்தைக்குரிய நாள் தவறுமே என்று பாரத்துடன் புறப்படலாகாது. பொருளை வேறொரு வாகனத்தில் அனுப்பலாம். பிறேக் ஒயில் காற்றின் ஈரத்தை உறிஞ்சுவது. ஈரமேறிய ஒயில் இறக்கத்தின் வெப்பத்தில் கொதித்து மிதியைப் பயனற்றதாக்கும். ஆதலால் ஏறத்தாழ இரு ஆண்டுகளுக்கொருமுறை அதனை மாற்றுவித்தல் நன்று.

வேலை முடிந்து சில்லைப் பூட்டும்போது நட்டுகளை எதிரெதிராக இறுக்குக. வாகனத்தை அசைக்குமுன், மிதி கடினமாகும்வரை பலமுறை அழுத்த வேண்டும்; பட்டைகள் பின்தள்ளப்பட்டிருப்பதால் முதல் அழுத்தலில் மிதி அடிவரை போகும். இதனை மறந்து கொட்டிலின் சுவரில் மோதியவர் பலர். பின்னர் வெறுந்தரையில் நடைவேகத்தில் இருமுறை நிறுத்திப் பார்த்து, புதுப் பட்டையாயின் பாரமேற்றாது மிதமான வேகத்தில் பத்துப் பன்னிரண்டு முறை, இடையிடையே ஆறவிட்டு, மெல்லப் பிடித்துப் பழக்குதல் வேண்டும். ஏறத்தாழ 50 கிலோமீற்றர் ஓடியபின் நட்டுகளை மீண்டும் இறுக்கிப் பார்த்து, விதைப்புக் கணக்கு எழுதும் கொப்பியிலேயே திகதியையும் ஒவ்வொரு சில்லின் பட்டைத் தடிப்பையும் குறித்துவைத்தால், அடுத்த அறுவடைக்குமுன் எந்தச் சில்லை முதலிற் கழற்றுவதென்பது அதிலிருந்து தெரியும்.